நான் எந்தப் படியில் நின்றேன் என்பது பற்றிச் சம்பந்திக்கு

சாம்பியன் ரீப்ஸ்,
18-8-2025.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சின்னப்பா அவர்களுக்கு ரத்தினம் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. ஜெய்பீம். நமோ புத்தாய. இங்கு நானும் சரோஜம்மாவும் நலம். பங்காருபேட்டையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் வலது முழங்காலும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். முழங்காலைத் தனியாக விசாரிப்பதைத் தப்பாக எண்ண வேண்டாம். போன முறை தாங்கள் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியதில் அதுவும் குடும்பத்தில் ஒரு ஆள் போல ஆகிவிட்டது.

நிற்க. பேத்தியின் பிறந்தநாளுக்குத் தங்கள் வீட்டில் கூடியபோது, பிரியாணிக்கு நடுவில் தாங்கள் சொன்ன தீர்ப்பு தங்களுக்கு நினைவிருக்கும். இருந்தாலும் தீர்ப்பு சொன்னவருக்கு வழக்கை முழுசாகச் சொல்வதுதான் முறை. என் மகளும் தங்கள் மருமகளுமான கயல்விழி அன்றைக்கு எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள். "நீங்க ரெண்டு பேரும் இன்னும் எத்தினி நாளைக்கு அங்க தனியா இருக்கப் போறீங்க? பெங்களூர் வந்துடுங்க. ஏழாவது மாடில ஒரு ரூம் சும்மாதான் கீது" என்றாள். எங்களுக்கு இங்கேயே சந்தோஷமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். "எவ்ளோ சந்தோசம்? அளந்து காட்டுப்பா" என்றாள். அவள் ஆபீசில் வேலை செய்பவர்களின் பெற்றோருக்காக, போனிலேயே நடக்கும் சந்தோஷப் படிப்பு ஒன்று இருக்கிறதாம். அப்போது தாங்கள் கையிலிருந்த எலும்பை இலையில் வைத்துவிட்டு, "இருபத்தொரு நாளு. தினமும் மார்க்கு. சராசரி ஏழுக்கு மேல வந்தா சம்பந்தி அங்கியே இருக்கட்டும். வரலன்னா வீட்டப் பூட்டிக்கினு பெங்களூரு. அப்பறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றீர்கள். நாற்பது வருஷம் ரயிலையே கொடி காட்டி நிறுத்தியவர் தாங்கள். நான் எம்மாத்திரம்? ஒத்துக்கொண்டேன். அந்த இருபத்தொரு நாளும் நேற்றோடு முடிந்துவிட்டன. இதற்குள் நடந்ததை வைத்துப் பார்த்தால் மனித மனசு ஒரு பெரிய அதிசயம் சம்பந்தி. கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் இறங்கி ஏறியவன் சொல்கிறேன், அவ்வளவு ஆழத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அதற்கு முன்னால் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. அது தெரியாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்குப் பக்கத்திலேயே மேலிருந்து கீழ் வரை ஏணிகள் உண்டு. கரண்ட் போய்க் கேஜ் நின்றுவிட்டால் அந்த ஏணிதான் கதி. அதைப் பழுது பார்க்கும் கேங்கில் நான் இருந்தேன். நாங்கள் படியை மேலேயிருந்துதான் எண்ணுவோம். ஒன்று என்றால் தலைக்கு மேல் வானம் தெரியும். எண் ஏற ஏற ஆள் இறங்குகிறான், சூடு ஏறுகிறது. ஒன்பது பத்து என்று யாராவது எண்ணினால் அவன் கீழே போய்க்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். இது சாம்பியன் ரீப்ஸில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

முதல் நாள் காலை காப்பி குடித்த கையோடு போனைத் திறந்தேன். "வணக்கம் ரத்தினம்!" என்று எழுத்து வந்தது. அடுத்து ஒரு ஏணியின் படம். சம்பந்தி, எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ சாமான் இருக்க, என்னிடம் வந்து ஏணியைக் காட்டுகிறதே! பத்துப் படி. படிகளுக்கு எண் எதுவும் போடவில்லை. "இதுதான் உங்கள் வாழ்க்கை. இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டு, எண்ணை எழுத ஒரு கட்டம் இருந்தது. காப்பி நன்றாக இருந்தது, வெயில் இல்லை, இடுப்பு வலி இல்லை. ஒன்று என்று எழுதினேன். உடனே வாடிய பூ ஒன்று வந்தது. "பரவாயில்லை ரத்தினம். நீங்கள் தனியாக இல்லை. மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்" என்றது. மேலே வந்து சேர்ந்தவன் முதலில் செய்வது அதுதானே! பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நான் அசந்துபோய்ச் சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பூவு ஏன் இப்டி தொங்குது? தண்ணி ஊத்தலயா?" என்று கேட்டுவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் பாடம் சுவைத்து உண்ணுதல். ஒரே ஒரு வாய் உணவை இருபது நிமிஷம் பேசாமல் மெல்ல வேண்டும். அன்றைக்குச் சரோஜா கறி வறுத்திருந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினேன். ஐந்து நிமிஷம் கழித்து, "இன்னாங்க, வேகலயா?" என்றாள். பேசக் கூடாதே, தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேனோ தெரியவில்லை, அவள் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்த்தாள். "வெந்துதான் கீது. பல்லுல எதுனா மாட்டிக்கிச்சா?" என்றாள். நான் மென்றுகொண்டே இருந்தேன். பத்தாவது நிமிஷத்தில், "முப்பத்தெட்டு வருசமா ஆக்கிப் போட்றேன், புடிக்கலன்னா துப்பிட்டு எழுந்திருங்க. இப்டி சாமி வந்தவனாட்டம் மெல்லாதீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க அவள் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அமைதி மனத்தின் உணவு என்று பாடத்தில் எழுதியிருந்தது. ஒன்று போட்டேன்.

அதற்கப்புறம் வரிசையாகத் தியானம். ஞாயிற்றுக்கிழமை விகாரையில் எல்லாரோடும் உட்காருகிற பழக்கம் எனக்கு உண்டு, ஆனால் இது வேறு மாதிரி. தனியாக, சுவரைப் பார்த்து, தினம் இரண்டு வேளை. பாத்திரச் சத்தம் கூடாது என்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். டிவி கூடாது என்றேன். அணைத்தாள். யாராவது வாசலில் கூப்பிட்டால் நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். நானும் ஒன்று, ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாடிய பூ தவறாமல் வந்து ஆறுதல் சொன்னது.

எட்டாம் நாள் பெங்களூரிலிருந்து ஷைலா என்று ஒரு பெண் போன் செய்தது. அந்தப் படிப்பில் மனசு ஆலோசனை சொல்கிறவளாம். குரல் அவ்வளவு இதம். "சார், எட்டு நாளா ஒன்னுதான் போட்டிருக்கீங்க. எப்படி இருக்கு சார்?" என்றது. "ரொம்ப மேல வந்துட்டேம்மா. இங்கேருந்து கீழ பாத்தா எல்லாம் சின்னதா தெரியுது" என்றேன். "சார், நகராதீங்க. அப்படியே இருங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று அந்தப் பெண் பதறிக் கேட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் தண்ணி லாரி ஓட்டும் மஞ்சுநாத் ஓடிவந்து என் இரண்டு கையையும் பின்னால் பிடித்துக்கொண்டான். கயல்விழி போன் செய்து கெஞ்சினாளாம். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்தது வந்தான், அவனுக்கும் இரண்டு முறுக்கு கொடுத்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை நமக்காக அவ்வளவு பதறுகிறதே என்று நினைத்து அன்றைக்கும் மனசு நிறைந்து ஒன்று போட்டேன்.

பத்தாம் நாள்தான் சனி பிடித்தது. பாடம்: யாருக்கும் தெரியாமல் ஓர் உதவி செய்யுங்கள். எதிர்வீட்டுப் பாக்யலட்சுமி கோலாரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கும் சரோஜாவுக்கும் குழாயடியில் வந்த ஏதோ சண்டையில் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. அந்த வீட்டுக்கு உதவி செய்தால் புண்ணியம் இரட்டிப்பு என்று தோன்றியது. தண்ணி லாரி வந்ததும் மஞ்சுநாத்திடம் குழாயை வாங்கி, அவள் வீட்டுப் பின்பக்கம் துணி கட்டி வைத்திருந்த மூன்று நீல டிரம்மிலும் துணியைக் கொஞ்சம் விலக்கி வாய் வரைக்கும் பிடித்துவிட்டேன். யார் கண்ணிலும் படக்கூடாதே, அதனால் நானும் உள்ளே பார்க்கவில்லை. மூன்றாவது டிரம் மட்டும் சீக்கிரமே நிரம்பிவிட்டது. மஞ்சுநாத் "ஆய்த்து சார், ஆய்த்து" என்று கன்னடத்தில் முடிந்ததாகச் சொல்லிக் குழாயைச் சுருட்டினான். நல்லது செய்த நிறைவில் அன்றைக்கும் ஒன்று போட்டேன். மறுநாள் காலை திரும்பி வந்த பாக்யலட்சுமி போட்ட கூச்சல் தங்களுக்குப் பங்காருபேட்டையிலேயே கேட்டிருக்கும். மூன்றாவது டிரம்மில் இருந்தது அவள் தம்பி நிலத்தில் விளைந்த கேழ்வரகு. நாற்பது கிலோ.

"எவன்டா அவன், எங்கூட்டு ராகில தண்ணி ஊத்தினவன்?" என்று அவள் கேட்டபோது நான் கையைத் தூக்கிவிட்டேன். இருபது வருஷம் ஏணி வேலை செய்தவனுக்குப் பொய் வராது. பிறகு நடந்ததைக் கேளுங்கள். நான் தண்ணீரை வடிக்க, சரோஜா வீட்டிலிருந்த எல்லாப் போர்வையும் கொண்டுவர, அக்கம்பக்கத்து ஆட்கள் தங்கள் புடவை, வேட்டி, பழைய பேனர் என்று கொண்டுவர, எங்கள் லைன் வீடுகளின் தெரு முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேழ்வரகு பரப்பினோம். பரப்பி முடித்ததும் தூறல் போட்டது. அள்ளி உள்ளே கொண்டுபோனோம். தூறல் நின்றது. மறுபடி பரப்பினோம். கோழி வந்தது. கோழியை விரட்டப்போன நாய் கேழ்வரகில் படுத்து உருண்டது. சரோஜாவும் பாக்யலட்சுமியும் நாலு வருஷத்துச் சண்டையை விட்ட இடத்திலிருந்து எடுத்து, ஒரே போர்வையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, கேழ்வரகை உதறியபடியே சாயங்காலம் வரை சண்டை போட்டார்கள். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. ஒன்பது போட்டேன். போனில் பலூன் பறந்தது! யாரோ கை தட்டினார்கள்! "அருமை ரத்தினம்! இதே பாதையில் செல்லுங்கள்!" என்றது. மனுஷன் ஒன்பதாம் படியில் கிடக்கிறான், கை தட்டுகிறதே, இது என்ன ஜென்மம் என்று சரோஜாவிடம் கேட்டேன். "ஊரே அப்டித்தான் கீது. அத மட்டும் ஏன் குத்தம் சொல்றீங்க?" என்றாள்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் வெளியே வந்தேன். போர்வை மேல் அத்தனை கேழ்வரகும் முளை விட்டிருந்தது. கடுகை விடச் சின்ன மணி ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளை நூல் மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கிறது. நாற்பது கிலோவில் எத்தனை மணி இருக்கும், யாரால் எண்ண முடியும்? அத்தனையும் ஒரே ராத்திரியில். நான் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன் சம்பந்தி. பாக்யலட்சுமி வந்து ஒரு மணியைக் கிள்ளிப் பார்த்து, "இத்த கடைல முளைகட்டுன ராகின்னு பாக்கெட் போட்டு விக்கிறான்க்கா" என்று சரோஜாவைப் பார்த்துச் சொன்னாள். அக்கா என்றாள்! சரோஜா சிரிக்க ஆரம்பித்தாள். நின்று சிரித்து, சுவரைப் பிடித்துச் சிரித்து, முடியாமல் கேழ்வரகு மேலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று முப்பத்தெட்டு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் தப்பு தப்புதானே, அன்றைக்கு எட்டு போட்டேன். காயவைத்து, வறுத்து, அரைத்து, லைனில் எல்லார் வீட்டுக்கும் மாவு போய்ச் சேர மொத்தம் மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் எட்டும் ஒன்பதுமாகத்தான் கழிந்தது.

அடுத்த மூன்று நாள் மறுபடி தியானம் செய்து மூன்று ஒன்று சம்பாதித்தேன். பதினேழாம் நாள் அடுத்த வினை வந்தது. நமக்கு நன்மை செய்த, ஆனால் நாம் நன்றியே சொல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அவர் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்று படிக்க வேண்டுமாம். எனக்கு உடனே கிளாரன்ஸ் அண்ணன் ஞாபகம் வந்தது. மாரிக்குப்பத்தில் இருக்கிறார், எழுபத்தொன்பது வயது. கேஜை மேலே இழுக்கும் இயந்திரத்தை ஓட்டியவர். தொண்ணூற்றி நாலில் ஒரு கல் பெயர்ந்து என் இடுப்பில் விழுந்தது. என்னைக் கேஜில் படுக்க வைத்தபோது, ஒரு குலுக்கல் குலுங்கினால் ஆள் இருக்க மாட்டான் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். கிளாரன்ஸ் அண்ணன் அன்றைக்கு இழுத்த இழுப்பில், என் வயிற்றின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. அத்தனை ஆயிரம் அடி. அவர் என்னைப் பார்க்கவுமில்லை. மேலே உட்கார்ந்து, ஆழம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு இழுத்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவரிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரு பக்கம் எழுதி, சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்று, "அன்பும் மரியாதையும் நிறைந்த" என்று ஆரம்பித்தேன். அவருக்கு மெஷின் சத்தத்தில் இரண்டு காதும் போய் வருஷக்கணக்காகிறது. என் கையில் பேப்பரைப் பார்த்தார். நம்ம ஊரில் ஒருத்தன் இஸ்திரி சட்டையோடு பேப்பர் கொண்டுவந்தால் அது வேறு என்னவாக இருக்கும்? குவாட்டர்ஸ் மனு, தண்ணி மனு, ரயில் மனு. நான் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் பேப்பரைப் பிடுங்கி, பையிலிருந்து பேனா எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார். "இத்தினி நாளு எங்கடா போயிருந்தே? நாலு பேரு போட்டா எவன் மதிப்பான்? வா" என்று என்னை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒருவராவது படித்துப் பார்க்க வேண்டுமே! கிளாரன்ஸ் போட்டுக் கீறாரா, அப்ப சரி, எங்க போடணும் என்பதுதான் எல்லார் பேச்சும். டீ நேரத்துக்குள் என் நன்றிக் கடிதத்தில் பதினேழு கையெழுத்து. மறுநாள் காலை மாரிக்குப்பம் ஸ்டேஷனில் பதினேழு பேரும் குடையும் தண்ணி பாட்டிலுமாக நின்றார்கள். கோலாருக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனுவைக் கொடுப்பதற்கு!

இப்போது தங்களிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும். பங்காருபேட்டையில் இறங்கி பஸ் பிடிக்கப் போகும்போது எல்லாருக்கும் பசித்தது. ஸ்டேஷன் பக்கத்தில் பானி பூரிக் கடை. தங்கள் வீடு அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதினேழு பேரைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் நிற்க எந்த மனுஷனுக்குத் துணிச்சல் வரும்? பூரி தின்றுகொண்டே ஒருவர், "குடுக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி படிச்சிடு ரத்தினம், ஆபீசர் கேள்வி கேட்டா சொல்லணும் இல்ல" என்றார். வேறு வழியில்லை. படித்தேன். கல் விழுந்தது, கேஜில் படுத்தது, டம்ளர் தண்ணீர், எல்லாம். பானி பூரிக்காரர்கூட வட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். கிளாரன்ஸ் அண்ணன் மட்டும் ஒன்றும் கேட்காமல், "இன்னா எழுதி கீறான்? தண்ணி பிரச்சனையா?" என்று கேட்டார். யாரோ அவர் காதில் கத்தினார்கள்: "அன்னிக்கி நீ இவன மேல தூக்குனியாம்! அதுக்கு தேங்க்ஸ்னு எழுதி கீறான்!"

அவர் என் பக்கம் திரும்பினார். "அது என் வேலைடா. கீழ மணி அடிச்சா மேல தூக்கணும்" என்றார். பிறகு பேப்பரை வாங்கி, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டு, நாலாக மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டார். கலெக்டர் ஆபீஸுக்கு யாரும் போகவில்லை. எல்லாரும் இன்னொரு தட்டு பானி பூரி தின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம். அன்றிலிருந்து அவரும் அந்தப் பதினாறு பேரும் தினம் எங்கள் லைனுக்கு வந்துவிடுகிறார்கள். என்ன மனு எழுதலாம் என்று வாசலில் உட்கார்ந்து சத்தம் போடுகிறார்கள். சரோஜா ஓயாமல் ராகி மால்ட் போட்டுக் கொடுக்கிறாள். கடைசி நாட்களில் தியானம் சுத்தமாகக் கெட்டுப்போய், எட்டும் ஒன்பதுமாகத்தான் போட முடிந்தது. பலூனுக்கு மட்டும் குறைவில்லை.

நேற்று ஞாயிறு, கயல்விழியும் மாப்பிள்ளை மகிழனும் காரில் வந்தார்கள். அவள் உள்ளே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இத்தினி துக்கத்த வச்சிக்கினு ஏம்ப்பா சொல்லாம இருந்தே? பதிமூணு நாளு ஒன்னு ஒன்னுன்னு வந்துக்கினே இருந்தது, நான் தூங்கவே இல்ல" என்றாள். என்ன துக்கம் என்று கேட்டேன். மாப்பிள்ளை கணக்கைக் காட்டினார். சராசரி நாலுகூடத் தேறவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இந்த உலகத்தில் மற்ற எல்லாரும் ஏணியைக் கீழேயிருந்து எண்ணுகிறார்கள் என்று. கீழேயிருந்து! ஏணி தொங்குவதே மேலேயிருந்துதானே சம்பந்தி? நான் விளக்கிச் சொன்னதும் கயல்விழி அழுதுகொண்டே சிரித்தாள். மாப்பிள்ளை எல்லா எண்ணையும் தலைகீழாக மாற்றிப் போட்டுக் கூட்டினார். ஏழைத் தாண்டி ஒரு புள்ளி! "மாமா, நீங்க பாஸு!" என்றார். நான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்தேன்.

சரோஜா அப்போதுதான், "கொஞ்சம் இருங்க" என்றாள். "இவரு ஒன்னு போட்ட நாள்ல இன்னா பண்ணாருன்னு என்னக் கேளுங்க. செவுத்தப் பாத்துக்கினு உக்காந்துக்கினு இருந்தாரு. நான் பேசக் கூடாது, பாத்திரம் பேசக் கூடாது. கறிய வாயில வச்சிக்கினு என்ன மொறச்சாரு. பொணம் கீற வூடாட்டம் இருந்தது. ஒம்போது போட்ட நாள்லதான் இவரு மனுசனாட்டம் தெருவுல ஓடினாரு. ஊரே சிரிச்சுது, இவரும் சிரிச்சாரு. நான் பாத்தேன்" என்றாள்.

சம்பந்தி, மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன். அவள் சொல்வது அத்தனையும் நிஜம். நான் தலைகீழாகப் போட்ட எண்ணை நேராகப் படித்து, சிரித்த நாளில் கை தட்டி, செத்த நாளில் பூவைத் தொங்கவிட்டிருக்கிறது அந்தப் போன். தெரியாத்தனமாகச் சரியாகச் சொல்லியிருக்கிறது. என் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, என் தப்புக்குத் தெரிந்திருக்கிறது! இதைவிட அதிசயம் உண்டா? அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இருபத்தொரு நாளும் என் படியைத்தான் எண்ணினேன். அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் கேட்டேன். "எனக்கு இன்னா, நீங்க எங்க சொல்றீங்களோ அங்க இருக்கேன்" என்றாள். இங்கே பதிமூன்று நாள் அவளைப் பேசவிடாமல் வைத்திருந்தவன் நான். அங்கே மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள். அவள் மனசு அங்கேதான் இருக்கும், வாய் திறந்து சொல்ல மாட்டாள்.

ஆகவே தங்கள் தீர்ப்புக்குத் தலை வணங்குகிறேன். மாற்றிக் கூட்டிய எண்ணை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிஜமான எண் நாலுக்குக் கீழேதான். வரும் ஒன்றாம் தேதி வீட்டைப் பூட்டி, சாவியைப் பாக்யலட்சுமியிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் பெங்களூர் போகிறோம். இதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் வரவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவர் வணக்கமும். பேத்திக்கு ஆயிரம் முத்தம். முளைகட்டிய ராகி மாவு இரண்டு டப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், தங்கள் முழங்காலுக்கு நல்லது. மும்மணிகள் தங்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட,
ரத்தினம்.

பி.கு: மேலே "ஆகவே" என்று தொடங்கும் பத்தியின் குறுக்கே கோடு போட்டது நான் இல்லை. தயவுசெய்து மன்னிக்கவும். கடிதத்தை எழுதி முடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, தபால் தலை வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கிளாரன்ஸ் அண்ணன் முதல் பக்கத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, அடுத்தவரிடம் பேனாவைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடப் பாவிகளா, என்னவென்றாவது படித்தீர்களா என்று கேட்டேன். "உன் பேப்பருன்னா படிக்கணுமா இன்னா?" என்றார்கள். நான் ஊரை விட்டுப் போகிறேன் என்று அதில் எழுதியிருக்கிறது என்றேன். பாக்யலட்சுமி கிளாரன்ஸ் அண்ணன் காதில் கத்திச் சொன்னாள். அவர் பேப்பரைத் திருப்பி, அந்த இடம் எது என்று கேட்டு, கோடு இழுத்தார். எண்பதை நெருங்கிய கை, இருந்தாலும் கோடு ஆடவில்லை பாருங்கள்.

கவர் வாங்க மறந்திருந்தேன், மறுபடி கடைக்குப் போய் வந்து கையெழுத்துகளை எண்ணினேன். பதினேழு இருக்க வேண்டும், பதினெட்டு இருந்தது. கோட்டுக்கு நேர் பக்கத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, "சரோஜம்மா" என்று இருக்கிறது. தாங்களே பார்க்கலாம். மற்றவர்கள் படிக்காமல் போட்டார்கள். இவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போட்டாளாம், பாக்யலட்சுமி சொல்கிறாள். ரேஷன் கார்டைத் தவிர எதிலும் கையெழுத்துப் போடாதவள். எங்க சொல்றீங்களோ அங்க என்று நேற்றுச் சொன்னாயே என்று கேட்டேன். "சொல்லத்தான சொன்னேன்? நீங்க தப்பா சொன்னா நான் இன்னா பண்றது?" என்றாள். அதனால் மேலே எழுதிய எதையும் தாங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம். பதினெட்டுப் பேர் மனுவாக மட்டும் இதை ஏற்று, தீர்ப்பை மாற்றிச் சொல்ல வேண்டுகிறேன்.

படிப்பு முடிந்தாலும் போன் இன்றைக்கும் அந்த ஏணியைக் காட்டி எந்தப் படி என்று கேட்டது. எங்கேயிருந்து எண்ணுவது என்று தெரியாமல் போனைச் சரோஜாவிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி ராகி டப்பா மேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தண்ணி லாரி வந்துட்ச்சு, குழாயப் புடிங்க. இந்தவாட்டி டிரம்ம தொறந்து பாத்துட்டு ஊத்துங்க" என்றாள். போகிறேன்.